தபீதாள் இழுத்த எண்பத்தெட்டு

தபீதாளுக்கு நான் இருபத்தாறாயிரத்து நானூறு ரூபாய் கடன்பட்டிருந்தேன். கைமாற்று இல்லை, வட்டிக்கு வாங்கியதும் இல்லை. எண்பத்தெட்டு துண்டு, துண்டுக்கு முந்நூறு. கூலிக் கடன். யாருக்கும் ஒரு நாள் கூலி பாக்கி வைத்ததில்லை என்று அறுபத்தாறு வயது வரை மார்தட்டித் திரிந்தவன் நான். 2009 மார்ச் மாதத்தில் அந்தப் பேச்சை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இதை எழுதும்போதும் வருகிறது.

என் பெயர் காஜா. அஸ்தினாபுரத்தில் ராஜேந்திர பிரசாத் சாலைக்குப் பின்னால் நாற்பதடி நீளக் கொட்டகையில் கண்ணாடிப் பட்டறை நடத்துகிறேன். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் அடித்த அடியோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உள்ள உறவு முடிந்தது. ஆனால் தாம்பரத்திலிருந்து கிண்டி வரை எந்தக் கல்லூரி லேபுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். குடுவை, குழாய், பிப்பெட் என்று அங்கே இருப்பதில் நாலில் ஒன்று என் மூச்சுக்காற்றில் உருவானது. வாயால் ஊதியே மூன்று வீடு கட்டினேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஏன், சொல்லக் கூடாதா?

ஆனால் இது என் கதை இல்லை. தபீதாளின் கதை.

அவள் அனகாபுத்தூர்க்காரி. ஆற்றோரச் சந்தில் ஒற்றை அறை வீடு. அப்பா பம்மலில் தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றே காலைப் புண்ணாக்கிக்கொண்டவர். எட்டாவது முடித்தவளை, பதினைந்து வயதில், கிண்டிப் பக்கம் ஒரு தெர்மாமீட்டர் கம்பெனியில் பெருக்கித் துடைக்கச் சேர்த்துவிட்டார்கள். அங்கே குழாய் இழுப்பது ஒரு பெரிய வேலை. கொதிக்கும் கண்ணாடி உருண்டையின் இரண்டு பக்கத்தையும் இரண்டு பேர் இரும்புக் கம்பியால் பிடித்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் நடப்பார்கள். நடக்க நடக்கக் கண்ணாடி நீளும், நடுவில் மயிரிழைத் துளையோடு. ஒருவன் வேகமாக நடந்தால் குழாய் ஒரு பக்கம் மெலிந்துவிடும். ஒரு நாள் ஆள் வரவில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு இவள் பிடித்தாள். அப்புறம் பதினெட்டு வருடம் அந்தக் கம்பியை விடவில்லை. ஆண்களுக்குக் கொடுத்ததில் முக்கால் கூலிதான் இவளுக்குக் கொடுத்தார்கள். நான்கு நாள் கம்பெனி கேட்டில் உட்கார்ந்து முழுக் கூலி வாங்கினாள்.

கல்யாணம் செய்தவன் லாரி கிளீனர். விஜயவாடா லோடுக்குப் போனான், போனவன் போனவன்தான். 2001-இல் கம்பெனி மூடியது. மறு வருடம் என் பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"வேலை எதுனா கீதா பாய்?"

"டியூப் கழுவ ஆள் வேணும்."

"கழுவுறேன். இழுக்கவும் தெரியும்."

"பொம்பள நீ இன்னாத்த இழுப்ப?" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. மேஜையில் கிடந்த ஒரு குழாயை எடுத்து பர்னரில் காட்டி, ஒரு முனையை என் கையில் திணித்துவிட்டு நடந்தாள். கொட்டகைச் சுவர் முதுகில் தட்டும் வரை நடந்தாள். அளந்து பார்த்தேன். முப்பதடியிலும் ஒரே கனம். எனக்கே அப்படி வராது. அதைச் சொன்னேனா? சொல்லவில்லை. இரண்டு வருடம் கழுவுகிற கூலி கொடுத்துத்தான் இழுக்க வைத்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

2008 மழைக்காலத்தில் ஸ்ரீரங்கன் வந்தார். படப்பைக்கு இந்தப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். நனைந்த செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த ஒரே பேராசிரியர் அவர்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். உள்ளே வெள்ளி மாதிரி மின்னுகிற சில்லுகள்.

"ஜெர்மானியம் பாய். வெளியில கண்ணாடி, உள்ள இது. நூல் மாதிரி இழுக்கணும். உள்ள இருக்கறது எங்கேயும் அறுபடக் கூடாது. வெளிநாட்டுல ரெண்டு மாடி உயரத்துக்கு மெஷின் வெச்சு இழுக்கறாங்க. எனக்கு அதுக்கெல்லாம் கிராண்ட் இல்லை. உங்க கொட்டகைதான் இருக்கு."

"இது எதுக்கு சார்?"

"கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒண்ணு இருக்கு பாய். சூட்டுல இருந்து வர்ற வெளிச்சம். அதை சாதாக் கண்ணாடி குடிச்சிடும், வெளிய விடாது. ஜெர்மானியம் வழிவிடும். நம்ம கண்ணுக்குத் தெரியற வெளிச்சம் இதுல துளிகூடப் போகாது. கறுப்பாத்தான் இருக்கும்."

தபீதாள் ஒரு சில்லை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எவ்ளோ சூட்டுல உருகும்?" என்று கேட்டாள். தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு டிகிரி என்றார் அவர். கண்ணாடி இழுபடும் பதத்துக்கு முன்பே உள்ளே இருப்பது தண்ணீராகிவிடும். தண்ணீரை நடுவில் வைத்து இழுக்க வேண்டும். முடியுமா என்று என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாத கண்ணாடி வேலை இருக்கிறதா? முடியும் என்றேன்.

முடியவில்லை. பதினோரு முறை முடியவில்லை.

பர்னரில் நான் இருந்தேன், இழுப்பில் அவள். ஜெர்மானியத்தை ஆசிடில் கழுவி, குழாயில் போட்டு, காற்றை உறிஞ்சி, சூடேற்றி இழுப்போம். அழகாக நீளும். ஐந்து மூச்சு விடுவதற்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். கண்ணாடி தெறித்துவிடும். பதினோராவது முறை சில்லு என் புருவத்தில் கீறியது. சுத்தியலை எடுத்து மேஜையில் ஓங்கி அடித்தேன். "இது ஆவாத வேலை, அந்த ஆளைக் கூப்ட்டு டப்பாவைத் திருப்பிக் குடு" என்று கத்தினேன்.

"சும்மா கத்தாதீங்க பாய். பார்த்தீங்களா நீங்க?"

"இன்னாத்தப் பாக்கறது?"

"இழுத்ததும் சிவப்பு மங்குது இல்ல? மங்கிகினே வந்து திடீர்னு ஒரு இடத்துல பளிச்சுன்னு ஏறுது. அந்த இடம்தான் உறையுது. ரெண்டு இடத்துல பளிச்சுன்னா, நடுவுல மாட்டிகினது எங்க போவும்? இது உறைஞ்சா உப்புற சாமான். ஃப்ரீஸர்ல தண்ணி பாட்டில் வெச்சா வெடிக்குதே, அப்டி. வழி இல்லாம கண்ணாடியை ஒடைச்சிகினு வருது."

நான் பர்னரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கம்பியைப் பார்த்திருக்கிறாள். நாற்பத்தைந்து வருடம் நெருப்புப் பக்கம் நின்றவன் நான், எனக்கு இது தெரியவில்லை.

அவளே வழியும் சொன்னாள். வேகமாக இழுத்தால் நீளமாகத் தண்ணீராகவே கிடந்து கண்ட இடத்தில் உறைகிறது. மெல்ல இழுத்தால் உறைவது முனையிலிருந்து ஒரே வரிசையாக வரும், உப்புவது பின்னால் இருக்கும் தண்ணீருக்குள் போய்விடும். மின்விசிறியை நிறுத்தினோம். ஜன்னலில் கோணி கட்டினோம். பர்னரை ஒட்டி சூளைச் செங்கல்லால் ஒரு சின்னச் சுரங்கம் கட்டி, அதற்கும் தனியாக நெருப்பு வைத்தோம். அந்தச் சுரங்கம் வழியாக அவள் இழுத்தாள். உதட்டுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தாள். ஒரு ஜெபம் முடிய ஆறடி. ஒரே ஒரு பளிச்சென்ற புள்ளி, செங்கல் வாயிலிருந்து எறும்பு மாதிரி கம்பியோடு ஊர்ந்து வந்தது. 'டிக்' சத்தம் வரவில்லை. வெறுங்காலில் நின்றுகொண்டிருந்தவள் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப கூப்புடுங்க உங்க சாரை" என்றாள்.

பென்சில் லெட் மாதிரி கறுப்பு, மேலே மெல்லிய கண்ணாடித் தோல். ஸ்ரீரங்கன் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். என்னை இல்லை. கண்ணாடியை இன்னும் கனமாக வைத்து மறுபடி இழுத்தால் தலைமுடி அளவுக்கும் போகலாம், முதலில் இதே கனத்தில் வேண்டும் என்றார். அரையடித் துண்டு, உள்ளே அறுபடாதது, ஒன்றுக்குத் தொள்ளாயிரம் ரூபாய் என்று கல்லூரியிலிருந்து ஆர்டர் வந்தது. கெட்டுப் போனவற்றையும் தனி டப்பாவில் போட்டு அனுப்பச் சொன்னார். ஏன் கெட்டது என்று அவர் ஆராய வேண்டுமாம், அதற்குக் காசு கிடையாது. தபீதாளுக்குத் துண்டுக்கு முந்நூறு என்று நான் சொன்னேன்.

இங்கேதான் என் புத்தி கெட்டது. பிப்ரவரியில் ஒரு நாள் டீ குடிக்கும்போது அவள் சொன்னாள்.

"பாய், இந்தக் காசு வந்ததும் நான் தனியா பர்னர் போடலாம்னு கீறேன். வூட்டாண்டையே. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில ஒருத்தர் பழைய பர்னரும் பம்ப்பும் வெச்சிகினு கீறார். இருபத்தையாயிரம். ஏப்ரல் முதல் வெள்ளி வரைக்கும் எனக்காவ வெச்சிருக்கேன்னார். அதுக்கு மேல தாங்காதாம்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. துண்டு முடிந்ததும் நான் பார்ப்பேன். சரியாக இருந்தால் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். கோடு விழுந்தால் சனிக்கிழமை கூலி. அதற்கு மேல் வாங்கியவன் திருப்பி அனுப்பினாலும் சரி, வழியில் உடைந்தாலும் சரி, அது என் தலைவலி. முப்பது வருடமாக எல்லாருக்கும் அப்படித்தான். அந்த எண்பத்தெட்டுத் துண்டிலும் நான்தான் கோடு போட்டேன். ஆனால் சனிக்கிழமை வந்தபோது, "காலேஜ் பாஸ் பண்ணதும் வாங்கிக்கோ" என்றேன். அவள் கழுவ வேண்டிய குழாய்கள் பக்கம் திரும்பிப் போனாள். போகிறவளுக்கு நான் ஏன் முன்பணம் மாதிரி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். பணம் இல்லாமல் இல்லை. பீரோவில் இருந்தது.

மார்ச் முதல் வாரம் இரண்டு டப்பாவையும் கொண்டுபோய்க் கல்லூரி ஸ்டோரில் கொடுத்தேன். நல்லது எண்பத்தெட்டு ஒன்றில், கெட்டது இருபத்திநாலு இன்னொன்றில். கெட்டது என்றால், இழுக்கும்போது ஜெர்மானியம் பின்னால் வழிந்துபோய் வெறும் கண்ணாடியாய், நடுவில் இரண்டு மூன்று கறுப்புப் பொட்டோடு நின்றவை. ஸ்ரீரங்கன் மூன்று மாதத்துக்கு ஜெர்மனி போய்விட்டிருந்தார். ஸ்டோரில் இருந்தவர் சுப்ரமணியன். வெள்ளைச் சட்டை, மூன்று பேனா, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் சாமி படங்கள்.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். சிரித்துக்கொண்டே உட்காரச் சொன்னார்.

"வாங்க பாய். உங்க மெட்டீரியல் மோசம் பாய். நூத்தி பன்னண்டுல இருபத்திநாலுதான் தேறுச்சு."

"எண்பத்தெட்டு சார்."

"எண்பத்தெட்டு ரிஜெக்ட். நானே ஒவ்வொண்ணா செக் பண்ணேன்." மேஜை டிராயரிலிருந்து ஒரு டார்ச் லைட்டை எடுத்தார். ஒரு கறுப்புத் துண்டின் முனையில் வைத்து அழுத்தினார். "பாருங்க. அந்தப் பக்கம் ஏதாவது வருதா? இருட்டு. இப்போ இதைப் பாருங்க." கெட்ட டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தார். முனையில் வெளிச்சம் பளபளத்தது. "இது ஆப்டிகல் ஃபைபர். வெளிச்சம் போனாத்தான் பாஸ். இருபது வருஷமா ஸ்டோர்ல இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

குப்பை என்று நாங்கள் ஒதுக்கியதைப் பாஸ் பண்ணி, பொன்னைப் போல இழுத்ததைத் தள்ளி வைத்திருக்கிறான் இந்த மனுஷன். அதுவும் இரண்டு ரூபாய் பேட்டரி டார்ச்சை வைத்துக்கொண்டு! இது வேறு வெளிச்சத்துக்கு என்றேன். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் என்றேன்.

"தெரியாத வெளிச்சத்துக்கு நான் எப்படி பாய் பணம் கொடுக்கறது? ஆடிட்டர் வந்து கேட்டா, தெரியாத வெளிச்சம் போச்சு சார்னு சொல்லட்டுமா?" பக்கத்தில் இருந்த பியூன் சிரித்தான். "புரொஃபஸர் எழுதிக் கொடுத்தா ஏத்துக்கறேன். அவர் ஜூன்லதான் வருவார். மார்ச் முப்பத்தொண்ணோட இந்தக் கணக்கு ஹெட்ல பணம் லேப்ஸ் ஆயிடும், அப்புறம் எடுக்க முடியாது. என் கையில ஒண்ணும் இல்லை."

வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன். என் மனைவி ஜஹீரா, "யார் மேல கோவமோ, அவங்க தட்டைத் தள்ளுங்க" என்றாள். மறுநாள் தபீதாளிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கழுவிக்கொண்டிருந்த குழாயைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வெளிச்சத்தை வுடுங்க. கரண்ட்டு போவும்ல இதுல?" என்று கேட்டாள்.

"போவும்னுதான் நெனைக்கிறேன். ரேடியோக்காரங்க டயோடுல போடுற சாமான்தானே."

"கம்பெனில கரண்ட்டுல வேலை செய்ற கான்டாக்ட் தெர்மாமீட்டர் பண்ணும்போது, பாதரசம் நடுவுல அறுந்துச்சா இல்லையான்னு ரெண்டு முனையிலும் மீட்டர் வெச்சுதான் பார்ப்போம். முள்ளு ஏறிச்சுன்னா அறுவல. அதே மாதிரி இவருக்கும் காட்டலாம். நானே வரேன்."

மார்ச் முப்பத்தொன்று, செவ்வாய்க்கிழமை. மேற்குத் தாம்பரத்தில் படப்பை பஸ் ஏறினோம். அவள் மடியில் ஒரு பை. அதில் முள் மீட்டர், இரண்டு பாட்டில் மூடி, மருந்துக் குப்பியில் கொஞ்சம் பாதரசம். முதன்முதலில் இழுத்ததில் பட்டறையில் மிஞ்சிக் கிடந்த ஒரு துண்டில் முதல் நாளே சோதித்துப் பார்த்திருந்தோம். ஸ்டோரில் கடைசி நாள் கூட்டம். எல்லோரும் பில்லைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பதினோரு மணிக்கு நின்றவர்களுக்கு மூன்று மணிக்கு முறை வந்தது.

தபீதாள் மேஜையில் சாமி படத்தை மறைக்காமல் இடம் பார்த்து இரண்டு மூடியை வைத்தாள். பாதரசத்தை ஊற்றினாள். மீட்டர் கம்பிகளை அதில் விட்டு, ஒரு கறுப்புத் துண்டைப் பாலம் மாதிரி வைத்து இரண்டு முனையையும் முக்கினாள். முள் ஏறி நின்றது. அடுத்தது. ஏறியது. அடுத்தது. பில்லோடு நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பத்துத் துண்டு வைத்தாள், பத்திலும் முள் ஏறியது. அப்புறம் அவர் பாஸ் பண்ணிய வெள்ளைத் துண்டை வைத்தாள். முள் அசையவில்லை.

"பார்த்தீங்களா சார்? இது முனைக்கு முனை நெறைஞ்சு கீது. உங்களுது நடுவுல காலி. ஆர்டர்ல இன்னா எழுதிக் கீதுன்னு நீங்களே படிங்க."

பின்னால் நின்ற ஒருவர், "படிங்க சார், நாங்களும் கேக்கறோம்" என்றார். சுப்ரமணியன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முணுமுணுத்தார். வெளிச்சம் என்ற வார்த்தையே அதில் இல்லை. கண்ணாடி உறை, ஜெர்மானிய உள்ளிழை, இடையில் அறுபடாதது. அவ்வளவுதான்.

நான் மேஜையில் தட்டி, "இப்ப இன்னா சொல்ற?" என்றேன். ஆமாம், 'சொல்ற' என்றுதான் கேட்டேன்.

அவர் காகிதத்தை மடித்தார். முகம் சிவந்திருந்தது. "நீங்க காட்டினது கரண்ட் போற கம்பி. கரண்ட் கம்பின்னா அது எலக்ட்ரிகல் ஹெட். இது ஆப்டிக்ஸ் ஹெட். அதுவும் ரிஜிஸ்டர்ல இங்க்ல ஏத்தியாச்சு, அடிச்சா எனக்கு மெமோ வரும். நான் ஒரு உதவி பண்றேன் பாய். இந்த இருபத்திநாலுக்கு பில்லுல கையெழுத்துப் போடுங்க. இருபத்தோராயிரத்து அறுநூறு. இன்னைக்கே செக். மிச்சத்தை எடுத்துட்டுப் போங்க."

மூன்று பேனாவில் ஒன்றைக் கழற்றி நீட்டினார். நான் வாங்கினேன். பொய் சொல்ல மாட்டேன், வாங்கினேன். இருபத்தோராயிரம் சும்மா வருகிறது. தலையைக் குனிந்து கையெழுத்துப் போடப் போனேன். தபீதாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னா பண்ற நீ?" ஏழு வருடத்தில் முதல் தடவையாக என்னை நீ என்றாள். "இந்த வெள்ளைக்குக் கையெழுத்துப் போட்டா, அந்தக் கறுப்பு கெட்டதுன்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரி. மாடு மாதிரி வேர்த்து நான் இழுத்தத நீயே குப்பைன்றியா?"

பேனாவை மேஜையில் வைத்தேன். எண்பத்தெட்டையும் அங்கேயே, ஸ்ரீரங்கன் பெயர் எழுதிய டப்பாவில், ஒப்படைப்புச் சீட்டு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டு வந்தோம். ஜூனில் அவர் வந்து ஸ்டோரில் போட்ட சத்தத்தையும், அடுத்த வருடக் கணக்கிலிருந்து எனக்குச் செக் வந்ததையும் பிறகு கேட்டுக்கொள்ளுங்கள். அது எனக்கும் கல்லூரிக்கும் உள்ள பேச்சு. அன்றைக்கு எங்கள் கையில் ஒரு காசும் இல்லை, வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.

பஸ்ஸுக்காக வெயிலில் நின்றோம். நான் சுப்ரமணியனைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அவன் அப்பனை, அவன் டார்ச்சை, அவன் மூன்று பேனாவை. தபீதாள் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"போதும் பாய். அந்த ஆளுக்குத் தெரியாது. தெரியாம தள்ளினான். உங்களுக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியாம? கறுப்புதான் நல்லது."

"அப்ப சனிக்கிழமை ஏன் குடுக்கல?"

ஒரு மணல் லாரி எங்கள் மேல் புழுதியை வாரி அடித்துவிட்டுப் போனது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எல்லாத்துக்கும் கோடு போட்டது யாரு? நீங்க. கோடு வுழுந்தா கூலின்னு சொன்னது யாரு? நீங்க. வேற எல்லாருக்கும் குடுத்தீங்க. நான் பர்னர் வாங்கப் போறேன்னதும் காலேஜுன்றீங்க, பாஸுன்றீங்க. ஸ்டோர்க்காரனாச்சும் டார்ச் அடிச்சுப் பார்த்து ஏமாந்தான். நீங்க தெரிஞ்சிகினே பண்ணீங்க. உங்களுக்கும் அவனுக்கும் எவன் பரவால்ல, சொல்லுங்க?"

"தபீதா, வாயை அடக்கிப் பேசு. ஏழு வருஷம் சோறு போட்டவன் நான்."

"யாரு சோறு? என் கையி இழுத்த சோறு. நீங்க எனக்கு ரெண்டு வருஷம் கழுவுற கூலி குடுத்து இழுக்க வுட்டீங்களே, அது இன்னா கணக்கு? நான் கேட்டனா? கேக்கல. இப்ப கேக்கறேன். எண்பத்தெட்டுக்கு."

இரண்டு பேரும் கத்தினோம். பஸ் ஸ்டாப்பில் நின்ற மாணவர்கள் தள்ளிப் போனார்கள். என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். நன்றி கெட்டவள் என்றேன். நான் இல்லாவிட்டால் வீட்டு வேலைக்குப் போயிருப்பாள் என்றேன். அவள் ஒரு வார்த்தைக்கும் பின்வாங்கவில்லை. பஸ் வந்தபோது முன்பக்கம் அவள் ஏறினாள், பின்பக்கம் நான் ஏறினேன். முடிச்சூர் தாண்டும் வரை அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே கோபப்பட்டேன். தாம்பரம் வருவதற்குள் கோபத்துக்கு ஆள் மாறிவிட்டது. கம்பெனி கேட்டில் நான்கு நாள் உட்கார்ந்தவளின் கதையை எத்தனை பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன், அந்த முதலாளி எப்படிப்பட்ட ஆள் பார் என்று! இப்போது அவள் உட்கார வேண்டிய கேட் என் கேட்டாக இருந்தது. முக்கால் கூலி கொடுத்தவனாவது கொடுத்தான்.

தாம்பரத்தில் இறங்கியதும் அவள் அனகாபுத்தூர் பஸ் பக்கம் திரும்பினாள்.

"எங்க போற? அஸ்தினாபுரம் வா" என்றேன்.

"நாளைக்கு வேலைக்கு வரேன் பாய். பயப்படாதீங்க, சொல்லாம கொள்ளாம ஓட மாட்டேன்."

"வேலைக்குக் கூப்புடல. வா."

ஆட்டோ பிடித்தோம். மாலை ஐந்தரை மணி இருக்கும். ஜஹீரா இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பீரோவைத் திறந்து பணத்தை எடுத்து வந்து மேஜை மேல் வைத்தேன்.

அவள் தொடவில்லை.

"மேஜை மேல வெக்காதீங்க பாய். இன்னைக்குப் பூரா மேஜையைப் பார்த்து அலுத்துட்டேன். கையில எண்ணுங்க."

உள்ளங்கையை விரித்து நீட்டினாள். சுட்டுவிரலிலும் கட்டைவிரலிலும் கண்ணாடி சுட்ட பழைய தழும்புகள். எனக்கு அப்போதும் கோபம் அடங்கவில்லை. யார் மேல் என்று இந்த முறை எனக்குத் தெரிந்திருந்தது. ஐந்நூறு ரூபாய்த் தாளை ஒவ்வொன்றாக, சத்தமாக எண்ணி வைத்தேன். இருபதில் ஒரு தாள் ஒட்டிக்கொண்டது, பிரித்து மறுபடி எண்ணினேன். அவளும் உதட்டுக்குள் கூடவே எண்ணினாள். ஐம்பது, ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு. அதன் மேல் நூறு ரூபாய்த் தாள், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.